உங்களுக்குத் தெரியுமா? திறக்காமல் நுழையும் வைத்தியம்

நெஞ்சைப் பிளக்காமல் இதயத்துக்குள் போக முடியுமா? மண்டையோட்டைத் திறக்காமல் மூளைக் கட்டியைத் தொட முடியுமா? நூறு ஆண்டுகளாக மருத்துவர்கள் இந்த இரண்டு கேள்விகளோடும் மல்லுக்கட்டி வருகிறார்கள். முதல் கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதில் இப்போதுதான் வெளிச்சம் தெரிகிறது. இரண்டிலும் நடந்தவற்றில் சில இங்கே.

★ 1929. ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற சிறிய ஊரின் மருத்துவமனை. கை ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினால் அது இதயம்வரை போகும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் நம்பினார். மேலதிகாரி அனுமதி கொடுக்கவில்லை. அறுவைக் கருவிகளின் சாவி கெர்டா டிட்சன் என்ற நர்ஸிடம் இருந்தது. சோதனையைத் தன் மீதே செய்துகொள்ளலாம் என்று அவர் முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டினார். அவருக்கே செய்யப்போவதுபோல எல்லா ஏற்பாடும் செய்தார். ஆனால் கீறியது தன் கையை. குழாய் உள்ளே போன பிறகுதான் நர்ஸுக்கு விஷயம் புரிந்தது. இருவருமாக எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார்கள். 65 செ.மீ. உள்ளே போயிருந்த குழாயின் நுனி, இதயத்தின் வலது மேலறையில் இருப்பதைப் படம் காட்டியது.

ஃபோர்ஸ்மனுக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. பெர்லினில் சேர்ந்த வேலை பறிபோனது. கடைசியில் சிறுநீரகத் துறைக்குப் போய்ச் சிற்றூர் டாக்டராக வாழ்ந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் தொடர்ந்தார்கள். 1956இல் நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்தே வந்தது. இன்று நம் ஊரில் யாராவது "ஆஞ்சியோ எடுத்தாச்சு" என்று சொன்னால், அதன் முதல் அடி அந்த எக்ஸ்ரே அறையை நோக்கி வைத்த அடிதான்.

★ அடைத்த ரத்தக்குழாயை உள்ளிருந்தே விரிக்கும் பலூன், சமையலறை மேசையில் உருவானது. ஸூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்ஸிக் பகலில் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, இரவில் வீட்டில் உட்கார்ந்து பிளாஸ்டிக் குழாய்களை வெட்டி ஒட்டிப் பலூன் செய்து பார்த்தார். 1977 செப்டம்பர் 16 அன்று 38 வயதுக்காரர் ஒருவரின் இதய ரத்தக்குழாயில் முதன்முதலாக அதை ஊதி விரித்தார். நோயாளி விழித்திருந்தார். பல ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோதும் அந்த இடம் அடைபடவில்லை. குரூன்ட்ஸிக்குக்கு அவ்வளவு ஆயுள் வாய்க்கவில்லை. 1985இல் விமான விபத்தில் இறந்துபோனார்.

★ பலூனால் விரித்த குழாய் சில மாதங்களில் மறுபடி சுருங்கிவிடுவது பெரிய தொல்லையாக இருந்தது. அதனால் 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் ஸ்டென்ட் வந்தது. பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் மாதிரியான ஒரு கம்பி வலை, உள்ளேயே தங்கிக் குழாயைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் அந்த வலைக்குள்ளும் சதை வளர்ந்து அடைத்தது.

இதற்கு மருந்து வந்த இடம்தான் ஆச்சரியம். பசிபிக் கடலின் நடுவே பிரம்மாண்டமான கற்சிலைகளுக்குப் பெயர்பெற்ற ஈஸ்டர் தீவு. 1964இல் அங்கே போன கனடா நாட்டு ஆய்வுக்குழு அள்ளிவந்த மண்ணில் ஒரு நுண்ணுயிரி இருந்தது. அது சுரக்கும் பொருளுக்கு, ராப்பா நூயி என்ற தீவின் உள்ளூர்ப் பெயரை வைத்து ராப்பாமைசின் என்று பெயரிட்டார்கள். உயிரணுக்கள் பெருகுவதை அது தடுக்கும். முதலில் சிறுநீரக மாற்று சிகிச்சையில் பயன்பட்டது. பிறகு ஸ்டென்ட்டின் மேல் அதைப் பூசினார்கள். மருந்து பூசிய அந்த ஸ்டென்ட்டை முதலில் வைத்தது 1999இல், பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில்.

★ 2017 பிப்ரவரியில் இந்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், பூசாதது 7,260 ரூபாய். அதுவரை ஒரு ஸ்டென்ட்டுக்கு லட்ச ரூபாயும் அதற்கு மேலும் கொடுத்த குடும்பங்கள் உண்டு. எந்தக் கண்டுபிடிப்புக்கும் குறையாத முன்னேற்றமாகத்தான் இதை நான் எண்ணுகிறேன்.

★ தொடை வழியாக ஆஞ்சியோ செய்தால் மணிக்கணக்கில் காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டு வழியாகவே செய்யலாம் என்று 1989இல் மான்ட்ரியாலில் காட்டியவர் லூசியன் காம்போ. 1992இல் ஆம்ஸ்டர்டாமில் கீமெனே என்ற டாக்டர் அதே வழியில் அடைப்பையும் நீக்கினார். சிகிச்சை முடிந்ததும் எழுந்து நடக்கலாம், ரத்தக்கசிவும் குறைவு.

★ இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது வட சென்னையில். 1975, பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி. செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன்.

★ 1988இல் வெளியான ஐசிஸ்-2 என்ற பெரும் ஆய்வு, மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்பதை ஐயமில்லாமல் நிறுவியது. 417 மருத்துவமனைகள், 17,187 நோயாளிகள். மாரடைப்பு வந்த உடனே தொடங்கி ஒரு மாதம் ஆஸ்பிரின் கொடுத்ததில், ஐந்து வாரங்களுக்குள் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் நேரும் இறப்பு 23 சதவீதம் குறைந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்ந்தபோது 42 சதவீதம்.

கட்டுரையை வெளியிட இருந்த லான்செட் இதழ், நோயாளிகளைச் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்து முடிவைத் தரச் சொன்னது. ஆண்களுக்கு எப்படி, பெண்களுக்கு எப்படி, இந்த வயதுக்கு எப்படி என்று. அப்படிப் பிரித்தால் தவறான முடிவுகள் வரும் என்று ஆய்வாளர்களுக்குத் தெரியும். அதை நிரூபிக்க அவர்களே இன்னொரு பிரிவையும் சேர்த்தார்கள்: ராசி! பிறந்த தேதியை வைத்துப் பார்க்கும் மேற்கத்திய முறையில் பிரித்ததில் மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரினால் பயனில்லை என்று கணக்கு காட்டியது. மற்ற ராசிக்காரர்களுக்கோ நல்ல பலன். எண்களை ஓரளவுக்கு மேல் துண்டாடினால் தற்செயலும் சான்றுபோலத் தோன்றும் என்பதற்கு மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் சொல்லப்படும் பாடம் இது. "இந்த மருந்து இன்னாருக்கு மட்டும் கேட்காதாம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும்போது மிதுன ராசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒன்று: அந்த ஆய்வு மாரடைப்பு வந்தவர்களைப் பற்றியது. இதய நோயே இல்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினமும் ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளக் கூடாது. வயிற்றிலும் மூளையிலும் ரத்தக்கசிவு உண்டாகலாம்.

★ மாரடைப்பில் நேரம்தான் மருந்து. ஆனால் ஆஞ்சியோ வசதியுள்ள மருத்துவமனை எல்லா ஊரிலும் கிடையாது. இதற்கு ஒரு வழியைத் தமிழ்நாடு சோதித்துக் காட்டியது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனையோடு இணைத்து, 108 ஆம்புலன்ஸையும் அதில் சேர்த்தார்கள். முதலில் போகும் இடத்திலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. அடுத்த 24 மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ. கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் 2,420 நோயாளிகளிடம் நடத்திய இந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை, புதிய கருவியும் இல்லை. இருப்பதை ஒழுங்காகக் கோத்ததிலேயே இத்தனை உயிர்கள்.

2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சு அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காமல் முதலில் அங்கே போய்விடுங்கள்.

★ அந்த அடோர்வாஸ்டாடினின் பூர்வீகம் ஜப்பான். ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்துப் பார்த்த அகிரா எண்டோ, 1973இல் அரிசியில் பிடித்திருந்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையில் கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் பொருளைக் கண்டார். ஸ்டாடின் குடும்பத்தின் முதல் ஆள் அதுதான். எண்டோ 2024இல் தம் 90ஆவது வயதில் மறைந்தார். அவருக்கு நோபல் கிடைக்காமல் போனது என் மனக்குறை.

★ ஸ்வீடனின் ஆர்னே லார்சனுக்கு இதயத் துடிப்பு அடிக்கடி நின்று நின்று போகும். நாளுக்குப் பலமுறை மயங்கி விழுவார். இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கரை உடலுக்குள்ளேயே வைப்பது அப்போது ஆய்வுக்கூட அளவில்தான் இருந்தது. அவர் மனைவி எல்ஸ்-மரி விடவில்லை. அறுவை நிபுணர் ஓகே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட்டையும் விடாமல் நச்சரித்து ஒப்புக்கொள்ள வைத்தார். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த கருவி, 1958 அக்டோபர் 8 அன்று லார்சனின் உடலுக்குள் போனது. சில மணி நேரம்தான் வேலை செய்தது. உடனே இன்னொன்று வைத்தார்கள். பிறகு ஒன்று மாற்றி ஒன்றாக மொத்தம் 26. லார்சன் 86 வயதுவரை வாழ்ந்து 2001இல் காலமானார். அதற்குள் அவரைக் காப்பாற்றிய டாக்டரும் பொறியாளரும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

இன்று ஒயரே இல்லாத பேஸ்மேக்கர் வந்துவிட்டது. எடை சுமார் 2 கிராம். கால் ரத்தக்குழாய் வழியாகப் போய் இதயத்துக்குள்ளேயே பொருந்திக்கொள்ளும். மார்பில் தழும்புகூட இராது.

★ இதய வால்வை மாற்ற வேண்டுமென்றால் மார்பெலும்பை அறுத்தே ஆக வேண்டும் என்ற நிலையை மாற்றியவர் பிரான்சின் அலென் கிரிபியே. நடக்காத காரியம் என்று பலரும் ஒதுக்கிய யோசனை அது. 2002 ஏப்ரல் 16, ரூவன் நகரம். அறுவை சிகிச்சை தாங்கமாட்டார் என்று கைவிடப்பட்ட 57 வயது நோயாளிக்கு, சுருட்டி மடக்கிய வால்வை ரத்தக்குழாய் வழியே கொண்டுபோய் உள்ளே விரித்தார். 80 வயதைத் தாண்டிய எத்தனையோ பேர் இன்று இந்த முறையால் நடமாடுகிறார்கள்.

★ வெளிநாட்டு வால்வின் விலை எட்டாத காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் இந்திய வால்வு ஒன்றை உருவாக்கினார்கள். தொடக்க மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. நிறுவனம் தயாரிக்கும் சித்ரா வால்வு இதுவரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் இடம்பிடித்திருக்கிறது.

★ ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஒரு பொருள், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் என்று கண்டார்கள். அந்த வழியில் பிற்காலத்தில் உருவானவைதான் டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள். 2019இல் 4,744 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதித்தபோது, நோய் முற்றுவதும் இதயம் சார்ந்த இறப்பும் சேர்த்துக் கணக்கிட்டதில் 26 சதவீதம் குறைந்தன. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோயே இல்லை! உங்கள் வீட்டில் சர்க்கரை இல்லாத ஒருவருக்கு இதய டாக்டர் இதை எழுதிக் கொடுத்தால் பதறாதீர்கள்.

★ இனி மூளை. 1884 நவம்பர் 25, லண்டன். கை செயலிழந்துகொண்டிருந்த 25 வயது நோயாளி. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் பதினோரு ஆண்டுகள் இருந்தன. எந்த விரல் அசையவில்லை, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் வைத்து, கட்டி மூளையின் எந்த இடத்தில் இருக்கிறது என்று டாக்டர் ஹியூஸ் பென்னட் குறித்துக் கொடுத்தார். ரிக்மன் காட்லீ திறந்து பார்த்தார். சொன்ன இடத்திலேயே இருந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள், ஆனால் நான்கு வாரங்களில் கிருமித் தொற்று நோயாளியைக் கொண்டுபோய்விட்டது.

★ மூளையை முதன்முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971 அக்டோபர் 1, லண்டன் விம்பிள்டன் பகுதியின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில். மூளைக் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட பெண் அவர். படத்தில் கட்டி பளிச்சென்று தெரிந்தது. கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் அல்ல, இசைத்தட்டுகளுக்குப் பேர்போன இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். அதற்கு முன்பு மூளையைப் படம்பிடிக்க, மூளை நீரை வெளியேற்றிக் காற்றைச் செலுத்துவார்கள். தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வரும். அந்தச் சித்திரவதையிலிருந்து உலகம் விடுபட்டது இவரால்தான்.

★ மூளைக்கு வலி தெரியாது. தலைத் தோலை மரக்கச் செய்துவிட்டால் போதும், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை சிகிச்சை செய்யலாம். மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு இதைப் பெரிய கலையாக வளர்த்தார். மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, பேச்சு எங்கே, விரல் அசைவு எங்கே என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களைத் தொடாமல் ஒதுக்குவார். 2020இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஒரு வயலின் கலைஞர், தம் மூளைக் கட்டியை அகற்றும்போதே வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். இடது கை விரல்களின் நுட்பம் போய்விடாமல் காக்கச் செய்த ஏற்பாடு அது.

பென்ஃபீல்டின் மான்ட்ரியால் நிலையத்தில் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி இன்னொன்றைத் தொடங்கிவிட்டார். இந்தியாவில் மூளை அறுவை சிகிச்சை வேர்விட்டது தமிழ் மண்ணில்.

★ மூளைக் கட்டி எங்கே முடிகிறது, நல்ல மூளை எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. 5-ஏ.எல்.ஏ. என்ற மருந்தை அறுவை சிகிச்சைக்குச் சில மணி நேரம் முன்பு குடிக்கக் கொடுத்தால், நீல ஒளியில் புற்று மட்டும் இளஞ்சிவப்பாக ஒளிரும். 2006இல் ஜெர்மனியின் வால்டர் ஷ்டூமர் குழு வெளியிட்ட முடிவு: சாதாரண வெளிச்சத்தில் ஸ்கேனில் தெரியும் கட்டி முழுவதையும் எடுக்க முடிந்தது 36 சதவீதம் பேருக்கு, நீல ஒளியில் 65 சதவீதம் பேருக்கு.

★ காமா நைஃப் என்பதில் கத்தியே கிடையாது. ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1968இல் கொண்டுவந்த கருவி. ஏறக்குறைய இருநூறு மெல்லிய காமா கதிர்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒரே புள்ளியில் சந்திக்கும். தனிக் கதிர் எதையும் பெரிதாகப் பாதிக்காது. சந்திக்கும் இடத்தில் கட்டி அழியும்.

★ மூளைப் புற்றிலேயே மிகக் கொடியது கிளியோபிளாஸ்டோமா. ரத்தத்தில் வரும் அன்னியப் பொருள்களில் பெரும்பாலானவற்றை மூளைக்குள் விடாத ஒரு தடுப்பு இயற்கையாகவே நமக்கு உண்டு. அது பெரும்பாலான கீமோ மருந்துகளையும் தடுத்துவிடும். அந்தத் தடுப்பைத் தாண்டும் மாத்திரை டெமோசோலமைடு, இங்கிலாந்தின் பர்மிங்காமில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழுவின் ஆய்வில் பிறந்தது. 2005இல் 573 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதங்கள், மாத்திரையும் சேர்ந்தபோது 14.6 மாதங்கள்.

இரண்டரை மாதம்தானா என்று தோன்றும். அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் பாருங்கள். இரண்டாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்களின் விகிதம் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்திருந்தது. பத்தில் ஒருவர் என்பது நான்கில் ஒருவர் ஆயிற்று. அந்த ஒருவர் யார் என்பதைக் கட்டியின் ஒரு மரபணு ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும். எம்.ஜி.எம்.டி. என்ற அந்த மரபணுவுக்கான பரிசோதனையைச் செய்ய முடியுமா என்று குடும்பத்தார் டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். எண்கள் சிறியவை; அந்த மாதங்களில் ஒரு மகளின் கல்யாணம் அடங்கியிருக்கலாம்.

★ அந்தத் தடுப்பையே கொஞ்ச நேரம் திறந்துவைத்தால்? 2015இல் டொரண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் செய்து பார்த்தார்கள். ரத்தத்தில் நுண்ணிய குமிழிகளைச் செலுத்தி, வெளியிலிருந்து ஒலியலைகளைக் குவித்தபோது, குமிழிகள் அதிர்ந்து அந்த இடத்துத் தடுப்பை மட்டும் தற்காலிகமாக நெகிழ்த்தின. மருந்து உள்ளே போக வழி கிடைத்தது. மண்டையோட்டில் ஒரு துளைகூடப் போடவில்லை.

★ முப்பது, நாற்பது வயதுகளில் வரும் ஒருவகை மூளைக் கட்டி மெல்லத்தான் வளரும். அதற்குக் காரணமாக இருப்பது பெரும்பாலும் ஐ.டி.ஹெச். என்ற மரபணுவின் கோளாறு என்று 2008இல் தெரியவந்தது. அதைக் குறிவைத்த வோராசிடெனிப் மாத்திரைக்கு 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்கா அனுமதி தந்தது. நோய் வளராமல் இருந்த காலம் 11.1 மாதங்களிலிருந்து 27.7 மாதங்களாக நீண்டிருந்தது. இளம் நோயாளிகள் ரேடியேஷனையும் கீமோவையும் சில ஆண்டுகள் தள்ளிப்போட இது உதவும்.

★ அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே கட்டியின் மரபணுக் குறிப்புகளைப் படித்து, அது என்ன வகை என்று சொல்லும் கணினி முறையை 2023இல் நெதர்லாந்தில் உருவாக்கினார்கள். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் விடை. எவ்வளவு வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை மேசையருகிலேயே முடிவுசெய்யலாம்.

★ நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை எடுத்து, புற்றை அடையாளம் காணப் பழக்கி, திரும்பச் செலுத்துவது கார்-டி சிகிச்சை. குழந்தைகளின் மூளைத் தண்டில் வளரும் ஒருவகைப் புற்றை அறுத்து எடுக்கவே முடியாது. பெற்றோருக்கு அதைப்போல ஒரு துயரம் இல்லை. ஸ்டான்ஃபோர்டில், மூளைத் தண்டிலும் தண்டுவடத்திலும் இத்தகைய கட்டிகளோடு வந்த 11 இளம் நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். 2024இல் வெளியான முடிவில் நால்வருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. அந்த நால்வரில் ஒருவருக்கு முற்றிலும் மறைந்து, 30 மாதங்களுக்கு மேலாகியும் திரும்பவில்லை.

★ இதயத்துக்காகப் போட்ட பாதை மூளைக்கும் பயன்பட்டது. மூளை உறையில் வளரும் சில கட்டிகளுக்கு ரத்த ஓட்டம் அதிகம். அப்படியே வெட்டினால் ரத்தம் பீறிடும். ஆகவே தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைந்து, அதே மெல்லிய குழாயை மூளைவரை கொண்டுபோய், கட்டிக்குப் போகும் குழாய்களை முதலில் அடைத்துவிடுகிறார்கள். அதன் பிறகே கத்தி.

★ மெடுல்லோபிளாஸ்டோமா என்ற குழந்தைகளின் மூளைப் புற்று, மூளை நீர் வழியாக முதுகுத்தண்டுக்கும் பரவக்கூடியது. அதனால் முதுகு நெடுகக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டியிருக்கிறது. வழக்கமான எக்ஸ்ரே கதிர் முதுகைத் தாண்டி முன்பக்கமும் ஊடுருவும். வழியில் இருப்பது குழந்தையின் இதயம். புற்றிலிருந்து பிழைத்து வளர்ந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயக் கோளாறு வர இதுவும் ஒரு காரணமாகலாம். புரோட்டான் கதிரோ குறித்த ஆழம்வரை போய் அங்கேயே தன் ஆற்றலை இறக்கிவிட்டு நின்றுவிடும். இதயத்தை எட்டுவதில்லை. தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையத்தை 2019இல் சென்னை தரமணியில் அப்போலோ குழுமம் திறந்தது. டாடா நினைவு மருத்துவமனை நவி மும்பையில் 2023இல் இன்னொன்றைத் தொடங்கியது.